ஏழாம் மாதத்துச் சர்க்கரை

தமிழ்நாட்டின் ஆரம்ப சுகாதார நிலையங்களுக்குப் போகும் கர்ப்பிணிகளுக்கு இந்தச் சோதனை நன்றாகத் தெரியும். 300 மில்லி தண்ணீரில் 75 கிராம் குளுக்கோஸைக் கரைத்துக் கொடுப்பார்கள். திகட்டினாலும் பத்து நிமிடத்துக்குள் குடித்து முடிக்க வேண்டும். இரண்டு மணி நேரம் கழித்து ரத்தம் எடுப்பார்கள். சர்க்கரை ஒரு டெசிலிட்டருக்கு 140 மில்லிகிராமோ அதற்கு மேலோ இருந்தால் அது கர்ப்பகால நீரிழிவு. குடித்த அரை மணிக்குள் வாந்தி எடுத்துவிட்டால் மறுநாள் திரும்ப வர வேண்டும்.

காலையில் சாப்பிட்டுவிட்டு வந்திருந்தாலும் இந்தச் சோதனையைச் செய்யலாம். அதன் பெருமையே அதில்தான் இருக்கிறது. இதை முன்வைத்து வாதாடியவர் சென்னை மருத்துவக் கல்லூரியில் நீரிழிவுத் துறையைத் தொடங்கிய மருத்துவர் வி. சேஷய்யா. இரண்டு பேருந்து மாறி வரும் கர்ப்பிணியை ‘நாளைக்கு வெறும் வயிற்றில் வாம்மா’ என்று திருப்பி அனுப்பினால் பலர் மறுபடி வருவதில்லை. ஆகவே அவள் வந்த அன்றே, இருக்கிற நிலையிலேயே சோதித்துவிட வேண்டும் என்றார் அவர். 2007இல் தமிழ்நாடு அரசு எல்லாக் கர்ப்பிணிகளுக்கும் சர்க்கரைப் பரிசோதனையைக் கட்டாயமாக்கியது. பிறகு மத்திய அரசின் வழிகாட்டு நெறிகளும் இதே முறையை ஏற்றன. அவர் பிறந்த நாளான மார்ச் 10, இந்தியாவில் கர்ப்பகால நீரிழிவு விழிப்புணர்வு நாளாகக் கடைப்பிடிக்கப்படுகிறது.

அவருடைய குழு தமிழ்நாட்டில் ஏறத்தாழ 12,000 கர்ப்பிணிகளைச் சோதித்து 2008இல் முடிவுகளை வெளியிட்டது. சென்னை நகரத்தில் 17.8 விழுக்காடு, புறநகர்ப் பகுதியில் 13.8, கிராமப் பகுதியில் 9.9. இது நகரத்து நோய், வசதியானவர்களின் நோய் என்று நினைத்துக்கொண்டிருந்தவர்களுக்கு அந்தக் கடைசி எண்ணே போதிய பதில். கிராமத்துப் பெண்களிலும் ஏறத்தாழ பத்தில் ஒருவருக்கு இருந்தது.

அதுவரை சர்க்கரையே இல்லாத பெண்ணுக்குக் கர்ப்பத்தில் மட்டும் ஏன் வருகிறது? காரணம் நஞ்சுக்கொடி. குழந்தைக்கு உணவு தடையின்றிக் கிடைக்க வேண்டும் என்பதற்காக அது சுரக்கும் ஹார்மோன்கள் தாயின் உடலில் இன்சுலினை ஓரளவு மழுங்கடிக்கின்றன. பெரும்பாலான பெண்களின் கணையம் கூடுதலாக இன்சுலின் சுரந்து ஈடுகட்டிவிடும். ஈடுகட்ட முடியாதவர்களுக்கு ரத்தத்தில் சர்க்கரை ஏறுகிறது. இந்த இழுபறி 24ஆம் வாரத்திலிருந்து 28ஆம் வாரத்துக்குள் நன்றாக வெளிப்படும். முதல் வருகையில் ஒரு முறை சோதித்திருந்தாலும் அந்த வாரங்களில் மறுபடி சோதிக்கச் சொல்வது இதனால்தான்.

குழந்தைக்கு என்ன ஆகிறது என்பதைத் தெளிவாக விளக்கியவர் டென்மார்க்கின் யோர்கன் பெடர்சன். 1950களில், கோபன்ஹேகனில். தாயின் குளுக்கோஸ் நஞ்சுக்கொடியைக் கடந்து குழந்தைக்குப் போகிறது. தாயின் இன்சுலின் போவதில்லை. வந்து குவியும் சர்க்கரையைச் சமாளிக்கக் குழந்தையின் சின்னஞ்சிறு கணையம் தானே இன்சுலினைக் கொட்டுகிறது. இன்சுலின் வளர்ச்சியைத் தூண்டுவது; கொழுப்பைச் சேர்ப்பது. குழந்தையின் தோளும் வயிறும் பருக்கின்றன. நான்கு கிலோவைத் தாண்டிய அந்த உடலைப் பார்த்து வீட்டார் ‘கொழுகொழுன்னு இருக்கு’ என்று பூரிக்கலாம். பிரசவ அறையில் அதே தோள் சிக்கிக்கொள்ளும் ஆபத்து உண்டு. மிகுந்த இன்சுலின் நுரையீரல் முதிர்ச்சியையும் தாமதப்படுத்தும். எடை கூடிய குழந்தையும் மூச்சுக்குத் திணறக்கூடும்.

ஏற்கெனவே நீரிழிவு உள்ள பெண் கருத்தரித்தால் ஆபத்து இன்னும் முன்னதாகத் தொடங்குகிறது. இதயமும் முதுகுத்தண்டும் உருவாவது முதல் எட்டு வாரங்களில். பல பெண்களுக்குக் கர்ப்பம் உறுதியாவதற்குள் அதில் பாதி ஓடிவிடும். கருத்தரிக்கும் முன்பே மூன்று மாதச் சராசரியைக் காட்டும் எச்பிஏ1சி அளவைக் கட்டுக்குள் கொண்டுவர மருத்துவர்கள் வற்புறுத்துவது அதனால்தான். அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் ஜாஸ்லின் மருத்துவமனையில் 1924இல் சேர்ந்த பிரிசில்லா ஒயிட், இத்தகைய தாய்மார்களுக்காகவே தன் வாழ்நாளைச் செலவிட்டவர். இன்சுலின் வந்து இரண்டே ஆண்டுகள் ஆகியிருந்தன. அவர் வேலையைத் தொடங்கியபோது பாதிக்குச் சற்றுக் கூடுதலான குழந்தைகளே பிழைத்தன. 1974இல் அவர் ஓய்வு பெற்றபோது பத்தில் ஒன்பதுக்கு மேல் பிழைத்தன. நெருங்கிய கண்காணிப்பும், பிரசவ நேரத்தைக் கவனமாகத் தீர்மானித்ததுமே அவருடைய பெரும் ஆயுதங்கள்.

நம் ஊருக்கு வருவோம். சோதனை செய்யும் அதே நாட்களை ஒட்டித்தான் ஏழாம் மாத வளைகாப்பும் வருகிறது. புளியோதரை, தேங்காய் சாதம், சர்க்கரைப் பொங்கல் என்று கலவை சாதங்கள். ‘ரெண்டு உயிருக்குச் சாப்பிடணும்டி’ என்று தட்டில் இன்னொரு கரண்டி வைக்கும் அத்தை. அன்பைத் தடுக்க முடியாது, தடுக்கவும் வேண்டாம். பயந்துபோய்ச் சோற்றையே விட்டுவிடும் பெண்களும் இருக்கிறார்கள். அதுவும் தவறு, குழந்தையின் வளர்ச்சியைப் பாதிக்கும். சென்னை மருத்துவர்கள் சொல்லும் வழி எளிமையானது: காலையில் நான்கு இட்லி சாப்பிடும் பழக்கம் இருந்தால் எட்டு மணிக்கு இரண்டு, பத்து மணிக்கு இரண்டு. கர்ப்பிணிக்குக் காலை வேளையில்தான் இன்சுலின் மிகவும் மழுங்கியிருக்கும். உணவைப் பிரித்தாலே சர்க்கரை எகிறுவது குறைகிறது. கூடவே பயறு, கீரை, முட்டை, சாப்பாட்டுக்குப் பின் சிறு நடை.

இப்படி இரண்டு வாரம் இருந்த பிறகும், சாப்பிட்டு இரண்டு மணி நேரத்தில் அளவு 120ஐத் தொட்டால் மருந்து தேவை. இங்கேதான் பல வீடுகளில் அச்சம் புகுந்துகொள்கிறது. ஊசி போட்டால் குழந்தைக்கு ஆகாது என்கிறார்கள். உண்மை நேர்மாறானது. நஞ்சுக்கொடியைத் தாண்டிக் குழந்தையைத் தொடுவது கட்டுப்படாத சர்க்கரை. இன்சுலின் தாயிடமே நின்றுவிடும். ஆஸ்திரேலியாவில் ஆயிரம் பெண்களிடம் நடத்தி 2005இல் வெளியான ஆய்வில், முறையான சிகிச்சை பெற்றவர்களின் குழந்தைகளுக்குக் கடும் பாதிப்புகள் நான்கு விழுக்காட்டிலிருந்து ஒன்றாகக் குறைந்தன.

எந்த அளவை நோய் என்பது என்ற சண்டை இன்னும் தீரவில்லை. ஒன்பது நாடுகளில் 23,000க்கும் மேற்பட்ட கர்ப்பிணிகளைப் பின்தொடர்ந்து 2008இல் வெளியான பேராய்வு, சர்க்கரை ஏற ஏற ஆபத்தும் படிப்படியாக ஏறுவதைக் காட்டியது. இதுவரை பத்திரம், இதற்கு மேல் ஆபத்து என்று ஒரு கோடு தென்படவில்லை. உலக சுகாதார நிறுவனம் 2013இல் வெறும் வயிற்று அளவையும் சேர்த்துக் கடுமையான எல்லைகளை ஏற்றது. சாப்பிட்ட பின் செய்யும் ஒற்றைச் சோதனை பலரைத் தவறவிடுகிறது என்று சென்னையிலேயே வேறு ஆய்வாளர்கள் காட்டியிருக்கிறார்கள். அந்தக் குறை உண்மையானது. ஆனாலும் துல்லியமான சோதனைக்கு வராமலே போகும் பெண்ணைவிட, எளிய சோதனைக்கு வந்து உட்காரும் பெண் பாதுகாப்பானவள்.

பிரசவ நாளில் கணக்கு மணிக்கு மணி மாறும். வலியும் பட்டினியும் சேர்ந்து தாயின் சர்க்கரையை அலைக்கழிப்பதால் அடிக்கடி அளக்கிறார்கள். வழக்கமான காலை இன்சுலினை நிறுத்திவைத்துத் தேவைக்கேற்பக் கொடுக்கிறார்கள். தாயின் சர்க்கரை அப்போது எகிறினால், பிறந்தவுடன் குழந்தைக்குச் சர்க்கரை சரியும் வாய்ப்பு கூடும். தொப்புள் கொடியை வெட்டிய நொடியில் குளுக்கோஸ் வரத்து நின்றுவிடுகிறது. குழந்தையின் ரத்தத்தில் இன்சுலினோ மிகுந்தே இருக்கிறது. குதிகாலில் ஒரு சொட்டு ரத்தம் எடுத்துப் பார்க்கிறார்கள். 45க்குக் கீழே இறங்கினால் உடனடிக் கவனம் வேண்டும். முதல் மருந்து சீம்பால்தான், அதுவும் பிறந்த ஒரு மணிக்குள். சர்க்கரைத் தண்ணீரோ சேனையோ தொட்டு வைக்கும் பழக்கத்துக்கு இங்கே இடமில்லை.

நஞ்சுக்கொடி வெளியேறியதும் தாயின் சர்க்கரை பெரும்பாலும் சில நாட்களிலேயே இயல்புக்குத் திரும்பும். எல்லோரும் நிம்மதியாக அவளை மறந்துவிடுகிறார்கள். கர்ப்பகால நீரிழிவு வந்த பெண்ணுக்குப் பின்னாளில் நிரந்தர நீரிழிவு வரும் வாய்ப்பு மற்றவர்களைவிடக் குறைந்தது ஏழு மடங்கு. குழந்தைக்கும் இது தொடர்கிறது. அமெரிக்காவின் அரிசோனாவில் வாழும் பிமா பழங்குடியினரிடையே, ஒரே தாயின் பிள்ளைகளை ஒப்பிட்டு 2000இல் ஓர் ஆய்வு வந்தது. தாய்க்கு நீரிழிவு வந்த பிறகு பிறந்தவர்களுக்கு, அதற்கு முன் பிறந்த உடன்பிறப்புகளைவிட நீரிழிவு வரும் வாய்ப்பு மூன்று மடங்குக்கும் அதிகமாக இருந்தது. பரம்பரையும் வீடும் ஒன்றே. கருப்பையில் இருந்த சர்க்கரைதான் வேறு.

பிரசவமாகி ஆறாவது வாரத்தில் தாய்க்கு மறுபடி பரிசோதனை செய்ய வேண்டும் என்று வழிகாட்டு நெறிகள் சொல்கின்றன. கைக்குழந்தையோடு தனக்காக மட்டும் ஒருத்தி மருத்துவமனைக்குக் கிளம்புவது எத்தனை கடினம் என்பதை எந்த வீட்டிலும் பார்க்கலாம். ஆனால் அதே ஆறாவது வாரத்தில்தான் குழந்தைக்குப் பென்டாவேலன்ட் தடுப்பூசியின் முதல் தவணை. அந்தத் தேதியைப் பெரும்பாலோர் தவறவிடுவதில்லை. தடுப்பூசி அட்டையில் அம்மாவின் பரிசோதனைக்கும் ஒரு கட்டம் போட்டுவிட்டால் போதும், கிராம சுகாதார செவிலியர் இரண்டையும் சேர்த்தே நினைவூட்டிவிடுவார். இந்த முறை வெறும் வயிற்றில் வர வேண்டும். பால் கொடுக்கும் தாய் என்பதால் வரிசையில் நிறுத்தாமல், நிலையம் திறந்ததும் முதல் ஆளாக அவளிடம் ரத்தம் எடுக்க வேண்டும்.