வேகத்திற்கும் ஓர் இடமுண்டு

சென்ற ஆண்டு ஒரு மாலைப்பொழுதில் தந்தையும் மகனுமாக இருவர் நம்மைத் தேடி வந்தனர். மகனுக்கு வயது 19. ஓட்டுநர் உரிமம் பெற்று ஓராண்டுகூட நிறையவில்லை. "சுவாமி, இவன் இரவு நேரங்களில் நண்பர்களோடு புறவழிச் சாலையில் போட்டியிட்டுக் கார் ஓட்டுகிறான். நீங்களாவது சொல்லுங்கள்" என்று தந்தை கண்கலங்கினார். மகனோ தலைகுனிந்தபடியே, "வேகம் எனக்குப் பிடித்திருக்கிறது சுவாமி, அது குற்றமா?" என்று கேட்டான்.

நேர்மையான கேள்வி! வேகத்தை விரும்புவது குற்றமன்று. வீடு திரும்பும் உழைப்பாளியும், சாலையைக் கடக்கும் மூதாட்டியும் நடமாடும் இடத்தில் அவ்விருப்பத்தைத் தீர்த்துக்கொள்வதே குற்றம். அங்ஙனமாயின் அதற்கென ஓர் இடம் உண்டா? உண்டு.

இரண்டாம் உலகப்போரின்போது விமானத் தளமாயிருந்த சோழவரத்தில் பல ஆண்டுகள் மோட்டார்ப் பந்தயங்கள் நடைபெற்றதை மூத்த வாசகர்கள் அறிவர். பின்னர், ஸ்ரீபெரும்புதூருக்கு அருகே இருங்காட்டுக்கோட்டையில் மதராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் பந்தயத் தடம் ஒன்றை அமைத்தது. அதன் சுற்று ஏறத்தாழ 3.7 கிலோமீட்டர். கோயம்புத்தூரில் காரி மோட்டார் ஸ்பீட்வே உள்ளது. 2005-ல் பார்முலா ஒன் பந்தயத்தில் கலந்துகொண்ட முதல் இந்தியரான நாராயண் கார்த்திகேயன் அந்நகரத்தவரே.

இத்தகைய தடங்களில், பந்தயம் இல்லாத நாட்களில், சொந்த வாகனத்தைக் கொண்டுவந்து ஓட்டுவதற்குக் கட்டணம் பெற்று இடமளிப்பதுண்டு. இதனை 'டிராக் டே' என்பர். இது பந்தயமன்று, இங்கே முதலிடமுமில்லை, பரிசுமில்லை. எதிரே வண்டி வராது. நடந்து செல்வோர் எவருமிலர். முதலுதவிக்கு ஆட்கள் ஆயத்தமாயிருப்பர்.

தொடங்க விரும்பும் இளைஞன் செய்ய வேண்டுவன யாவை? விலையுயர்ந்த கார் தேவையில்லை. வீட்டிலுள்ள சிறிய காரே போதும். ஆனால் அது பழுதற்றிருத்தல் வேண்டும். முதலில் பிரேக்கைக் கவனிக்க. பிரேக் எண்ணெய் நாளடைவில் காற்றின் ஈரத்தை ஈர்த்துக்கொள்ளும். அடுத்தடுத்து பிரேக் அழுத்தி வெப்பம் மிகும்போது அந்த எண்ணெய் கொதித்து, மிதி உள்ளே அமிழ்ந்துவிடும், வண்டி நில்லாது. ஆகவே புதிய எண்ணெய் மாற்றிக்கொண்டே செல்ல வேண்டும். டயர்களின் தேய்வையும் காற்றழுத்தத்தையும் பார்த்தல் வேண்டும். காருக்குள் தண்ணீர்ப் புட்டி, குடை, செபமாலை என எதுவும் தளர்வாய்க் கிடத்தலும் தொங்குதலும் ஆகாது. முகம் முழுதும் மூடும் ஹெல்மெட், முழுக்கைப் பருத்திச் சட்டை, மூடிய காலணி ஆகியவை இன்றியமையாதன.

தடத்தில் கொடிகளே சட்டம். மஞ்சள் கொடி கண்டால் ஆபத்து. வேகத்தைக் குறைக்க வேண்டும், முந்தலாகாது. சிவப்பு, ஓட்டம் நிறுத்தப்பட்டதென்பது. நீலம், பின்னே விரைவான வண்டி வருகிறது என்பது. கருப்பு வெள்ளைக் கட்டக்கொடி, ஓட்டம் முடிந்தது என்பது. முந்துவதற்கு எவ்விடத்தில் இசைவு உண்டென்பதைக் காலையில் நடைபெறும் விளக்கக் கூட்டத்தில் கேட்டறிய வேண்டும். அக்கூட்டத்தைத் தவறவிட்டவன் வண்டியில் ஏறலாகாது.

முதல் சுற்றுகளை மெதுவாகவே ஓட்டுக. பயிற்றுநர் ஒருவரை அருகில் அமர்த்திக்கொள்வது நன்று. வளைவுக்கு முன்னரே, நேர்க்கோட்டில், பிரேக்கிட்டு வேகத்தைத் தணித்து, பின்னரே திருப்ப வேண்டும். கண் அடுத்த வளைவை நாட வேண்டும். இறுதிச் சுற்றில் பிரேக் குளிரும்படி மெல்ல ஓட்டி வந்து நிறுத்துக. சூடு தணியும் வரை கைப்பிரேக் இடாதிருக்க.

பெற்றோருக்கும் ஒரு சொல். சாதாரண மோட்டார்க் காப்பீடு பந்தயத்தையும் வேகச் சோதனையையும் பொதுவாக ஏற்பதில்லை. தடத்தில் கார் சேதமுற்றால் அச்செலவு குடும்பத்தின் மேலேயே விழும். ஆதலால் பத்திரத்தைப் படித்துப் பார்த்து, தந்தையும் மகனும் கலந்து பேசி முடிவு செய்யட்டும். தந்தை அறியாமல் சாவியை எடுத்துச் செல்பவனுக்குத் தடமும் பயன் தராது.

இவற்றையெல்லாம் கேட்டறிந்து அவ்விருவரும் சென்று வந்தனர். சில வாரங்களுக்குப்பின் தந்தை நம்மிடம் வந்து, "திரும்பி வரும்போது நெடுஞ்சாலையில் 60-ஐத் தாண்டவில்லை சுவாமி" என்றார். காரணத்தை மகனிடம் கேட்டோம். வேகம் இருமடங்கானால் பிரேக்கிட்டபின் வண்டி நிற்கும் தூரம் ஏறத்தாழ நான்கு மடங்காகும் என்பதைப் புத்தகத்தில் படித்திருந்தானாம். தடத்தில்தான் அதைத் தன் காலாலேயே உணர்ந்தானாம். "அன்றிரவுகளில் குறுக்கே யாராவது வந்திருந்தால் என்னால் நிறுத்தியிருக்க முடியாது சுவாமி" என்றான்.

அதன்பின் அவன் இரவில் வெளியே சென்றால் தந்தை விழித்துக் காத்திருப்பதில்லை. உம் இல்லத்திலும் இத்தகைய பிள்ளை ஒருவன் இருப்பானாயின், அவனைக் கடிந்துகொள்ளுமுன் ஒருமுறை அவனோடு அமர்ந்து பேசுங்கள்.