தாயம் விழ எத்தனை வழி?

வைகுண்ட ஏகாதசி இரவில் கண்விழிக்கத் தாயம் ஆடும் வீடுகளில் ஒரு காட்சி தவறாது. மற்றவர்களின் காய்கள் பாதிக் கட்டத்தைத் தாண்டியிருக்கும். ஒருவர் மட்டும் இன்னும் கட்டையைத் தேய்த்துக்கொண்டிருப்பார். தாயம் விழுந்தால்தான் காய் இறங்கும். அவருக்கோ மூன்று விழும், நான்கு விழும், மறுபடியும் மூன்று விழும். ‘கை ராசியில்லை’ என்று கூட்டம் சிரிக்கும். ஆனால் ராசியை ஓரமாக வைத்துவிட்டுக் கட்டையைக் கையில் எடுத்து எண்ணிப் பார்த்தால், குற்றம் அந்தக் கையில் இல்லை என்று தெரியும்.

தாயக்கட்டை என்பது பெரும்பாலும் பித்தளையில் செய்த, நான்கு பட்டை கொண்ட நீளக் கட்டை. ஒரு பட்டையில் ஒரு புள்ளி, அடுத்ததில் இரண்டு, இன்னொன்றில் மூன்று. மீதி ஒன்று வெறும் பட்டை. ஆட்டத்துக்கு இரண்டு கட்டைகள். இரண்டையும் உருட்டி, மேலே தெரியும் புள்ளிகளைக் கூட்டுவார்கள். கூட்டல் ஒன்று என்றால் தாயம். இரண்டுமே வெறும் பட்டையாக விழுந்தால் பூஜ்யம் அல்ல, பன்னிரண்டு. ஆக விழக்கூடியவை 1, 2, 3, 4, 5, 6, 12 என ஏழு.

ஏழில் ஒன்று தாயம். அப்படியானால் வாய்ப்பும் ஏழில் ஒன்றுதானே? நிகழ்தகவுப் பாடத்தில் மாணவர்கள் முதலில் சறுக்குவது இங்கேதான். ஒரு கட்டையில் மட்டும் சிவப்பு நூல் கட்டிவிட்டு உருட்டினால் குழப்பம் தீரும். நூல் கட்டிய கட்டை நான்கு விதமாக விழலாம். அந்த ஒவ்வொரு விதத்துக்கும் மற்றக் கட்டை நான்கு விதமாக விழலாம். நான்கு நான்கு பதினாறு. பாடப்புத்தகம் இந்தப் பதினாறின் பட்டியலைத்தான் கூறுவெளி என்கிறது.

இந்தப் பதினாறில் தாயத்துக்கு இரண்டு வழி: நூல் கட்டியதில் ஒன்றும் மற்றதில் வெறுமையும், அல்லது அதுவே மாறி. மூன்றுக்கு நான்கு வழி: ஒன்றும் இரண்டும், இரண்டும் ஒன்றும், வெறுமையும் மூன்றும், மூன்றும் வெறுமையும். இரண்டுக்கு மூன்று வழி, நான்குக்கும் மூன்று. ஐந்துக்கு இரண்டு. ஆறுக்கும் பன்னிரண்டுக்கும் தலா ஒன்றே. கூட்டினால் 16 சரியாக வருகிறது. தாயத்தின் நிகழ்தகவு 2/16, அதாவது எட்டில் ஒன்று. மூன்றின் நிகழ்தகவு 4/16, அதாவது நான்கில் ஒன்று. தாயத்துக்காகக் காத்திருப்பவருக்கு மூன்றே விழுந்துகொண்டிருப்பதில் வியப்பில்லை.

பல ஊர்களில் 1, 5, 6, 12 விழுந்தால் மறுபடி உருட்டலாம் என்பது விதி; 2, 3, 4 விழுந்தால் கட்டை அடுத்தவர் கைக்குப் போய்விடும். மேலே உள்ள பட்டியலோடு இதை ஒப்பிட்டுப் பார்க்கலாம். ஒன்றோ இரண்டோ வழி மட்டுமே உள்ள நான்கு எண்களுக்கும் சலுகை உண்டு. மூன்று, நான்கு வழி உள்ள எண்களுக்குக் கிடையாது. அரிதாக விழுவதற்குத்தான் பரிசு! சலுகை எண்களின் வழிகளைக் கூட்டினால் 6. ஆகவே உருட்டும் எட்டு முறையில் சராசரியாக மூன்று முறை மறு உருட்டு கிடைக்கும்.

வெவ்வேறு வழிகளை ஒன்றாகக் கட்டிவிடும் தவறில் பெரிய மூளைகளும் விழுந்திருக்கின்றன. ஒரு நாணயத்தை இரண்டு முறை சுண்டினால் ஒரு முறையாவது தலை விழ என்ன வாய்ப்பு? பிரெஞ்சுக் கணித மேதை தாலம்பேர் 1754-இல் கலைக்களஞ்சியக் கட்டுரை ஒன்றில் இதற்கு மூன்றில் இரண்டு என்று வாதிட்டார். முதல் சுண்டலிலேயே தலை விழுந்தால் ஆட்டம் முடிந்தது. இல்லையேல் பூ–தலை, அல்லது பூ–பூ. ஆக மூன்றே நிலைகள் என்பது அவர் கணக்கு. முதலில் தலை விழும் நிலைக்குள் தலை–தலை, தலை–பூ என்று இரண்டு வழிகள் இருப்பதை அவர் ஒன்றாக்கிவிட்டார். சரியான விடை நான்கில் மூன்று.

அவருக்கு ஒரு நூற்றாண்டுக்கும் மேல் முன்பே கலிலியோ இந்த வலையில் சிக்காமல் தப்பினார். மூன்று பகடைகளை உருட்டினால் கூட்டல் 9 வர ஆறு சேர்க்கைகள், 10 வரவும் ஆறு சேர்க்கைகள். ஆனாலும் 10 சற்று அதிகமாக விழுவதைச் சூதாடிகள் கவனித்திருந்தார்கள். கலிலியோ ஒவ்வொரு சேர்க்கையும் எத்தனை வரிசையில் விழலாம் என்று எண்ணினார். 6, 2, 1 என்ற சேர்க்கை ஆறு வரிசைகளில் வரும். 3, 3, 3 ஒரே ஒரு முறைதான் வரும். மொத்தம் 216 வழிகளில் 9-க்கு 25, 10-க்கு 27.

தாயத்துக்குத் திரும்பினால் இன்னொரு கேள்வி காத்திருக்கிறது. வாய்ப்பு எட்டில் ஒன்று என்றால், எட்டு முறை உருட்டினால் தாயம் நிச்சயமா? இல்லை. இதற்கு நேர்வழியில் போவதைவிடத் தலைகீழாகப் போவது எளிது: தாயம் விழாமல் போக எவ்வளவு வாய்ப்பு? ஒரு முறைக்கு 7/8. எட்டு முறையும் ஏமாற்ற, 7/8-ஐ எட்டு தடவை பெருக்க வேண்டும். விடை ஏறக்குறைய 0.34. எட்டு முறை உருட்டியும் மூவரில் ஒருவர் வெளியேதான் உட்கார்ந்திருப்பார். முன்பு ஏமாற்றியதற்காகக் கட்டை ஒன்பதாவது முறை இரக்கம் காட்டுவதும் இல்லை. அப்போதும் எட்டில் ஒன்றுதான்.

பதினேழாம் நூற்றாண்டுப் பிரான்ஸில் ஷெவாலியே த மேரே என்பவரைக் குழப்பியதும் இதே போன்ற கணக்குதான். ஒரு பகடையை நான்கு முறை உருட்டி ஒரு ஆறாவது விழும் என்று பந்தயம் கட்டினால் லாபம், வாய்ப்பு 51.8 விழுக்காடு. இரண்டு பகடைகளை 24 முறை உருட்டி ஒரு இரட்டை ஆறாவது விழும் என்று கட்டினால் நஷ்டம், வாய்ப்பு 49.1 விழுக்காடுதான். 6-க்கு 4 என்றால் 36-க்கு 24 என்ற விகிதக் கணக்கு இங்கே செல்லாது. அவர் எழுப்பிய சூதாட்டக் கேள்விகளை ஒட்டி 1654-இல் பாஸ்கலும் ஃபெர்மாவும் எழுதிக்கொண்ட கடிதங்களிலிருந்துதான் நிகழ்தகவு ஒரு கணிதத் துறையாக வளர்ந்தது.

எண்ணிக்கை மட்டும் போதாது. எண்ணும் வழிகள் சம வாய்ப்புள்ளவையாகவும் இருக்க வேண்டும். ஆறு சோழிகளைக் குலுக்கிப் போட்டால் 64 வழிகள் உண்டு. ஆனால் சோழியின் முதுகும் வாயும் ஒரே வடிவம் அல்ல. எனவே 64-க்கும் சம எடை கொடுக்க முடியாது. அங்கே போட்டுப் பார்த்துக் குறித்துக்கொள்வதுதான் வழி. தேய்ந்து கோணலான தாயக்கட்டைக்கும் இது பொருந்தும். 160 முறை உருட்டினால் மூன்று ஏறத்தாழ 40 முறை விழ வேண்டும். 35, 46 என்று வந்தால் இயல்பு. 70 முறை விழுந்தால் கட்டையைச் சந்தேகிக்கலாம்.

எவை வெவ்வேறு வழிகள் என்ற கேள்வி இயற்பியலையே ஒரு முறை புரட்டிப்போட்டது. இரண்டு நாணயங்கள் விழ நான்கு வழி உண்டு. தலை–பூ வேறு, பூ–தலை வேறு. டாக்கா பல்கலைக்கழகத்தில் ஆசிரியராக இருந்த சத்தியேந்திர நாத் போஸ், 1924-இல் ஒளித்துகள்களை அப்படி எண்ணாமல் விட்டார். அவை ஒன்றிலிருந்து ஒன்று பிரித்தறிய முடியாதவை. எந்த நூலாலும் அடையாளம் கட்ட முடியாது. ஆகவே இரண்டு துகள்களை இரண்டு நிலைகளில் வைக்க நான்கு வழி அல்ல, மூன்றுதான். இந்த எண்ணிக்கையிலிருந்து பிளாங்க்கின் கதிர்வீச்சு விதி அப்படியே வந்தது. போஸ் கட்டுரையை ஐன்ஸ்டைனுக்கு அனுப்ப, அவரே ஜெர்மன் மொழியில் பெயர்த்து வெளியிட்டார். பிறகு அதே கணக்கை அணுக்களுக்கும் விரித்தார். அவர் முன்கூட்டியே சொன்ன போஸ்–ஐன்ஸ்டைன் செறிவுநிலையை 1995-இல் அமெரிக்காவின் கொலராடோவில் குளிரூட்டிய ரூபிடியம் அணுக்களில் உண்டாக்கிக் காட்டினார்கள். அந்தப் பணிக்கு 2001-இல் நோபல் பரிசு கிடைத்தது.