காலியாக இருக்க வேண்டிய அணை

ஏரி கலிங்கு வழிகிறது என்றால் நம் ஊர்களில் அது நல்ல சேதி. பிள்ளைகுட்டிகளோடு பார்க்கக் கிளம்பிவிடுவோம். அமெரிக்காவின் ஓக்லஹோமா மாநிலத்தில், கோதுமை வயல்களுக்கும் மாட்டுப் பண்ணைகளுக்கும் நடுவே, நம் ஏரிக்கரை போலவே தோன்றும் மண் கரைகள் இரண்டாயிரத்துக்கும் மேல் நிற்கின்றன. அங்கே கலிங்கில் தண்ணீர் ஏறினால் கரைக்குப் பொறுப்பானவர்கள் கவலையோடு பார்க்கப் போவார்கள். அந்தக் கரைகள் தண்ணீரைச் சேர்த்து வைப்பதற்காக எழுந்தவை அல்ல. வரும் வெள்ளத்தைச் சில நாள் மடக்கி நிறுத்தி, பிறகு சிறுகச் சிறுக விடுவதே அவற்றின் வேலை. கொள்ளளவில் பெரும்பகுதி ஆண்டு முழுவதும் காலியாகவே கிடக்க வேண்டும். அப்போதுதான் அடுத்த மழைக்கு இடம் இருக்கும்.

1934 ஏப்ரல் தொடக்கத்தில் மேற்கு ஓக்லஹோமாவில் வாஷிட்டா ஆற்றின் தலைப்பகுதியில் ஒரே இரவில் பேய்மழை கொட்டியது. ஹாமன் என்ற சிற்றூரின் பக்கம் 17 பேரை வெள்ளம் அடித்துச் சென்றது. புல்வெளியாக இருந்த சரிவுகளை எல்லாம் உழுது கோதுமையும் பருத்தியும் போட்டிருந்த காலம் அது. பிடித்துக்கொள்ள வேர் இல்லாத செம்மண், காற்றடித்தால் புழுதியாகப் பறந்தது, மழை பெய்தால் சேறாக ஓடியது. மறு ஆண்டே அமெரிக்க அரசு மண் பாதுகாப்புத் துறையைத் தொடங்கியது. அதன் முதல் தலைவர் ஹியூ பென்னட், வெள்ளத்தை மழை விழுந்த வயலிலேயே கட்டுப்படுத்தத் தொடங்க வேண்டும் என்ற கருத்துடையவர்.

அதற்கு எதிர்ப்பும் இருந்தது. ஆற்றின் கீழே பெரிய அணை ஒன்று கட்டினால் போதும் என்று ராணுவப் பொறியாளர்களின் தரப்பு வாதிட்டது. ஓடைக்கு ஓடை சின்னச் சின்னக் கரைகள் வேண்டும் என்றது வேளாண் துறை. இந்தப் பெரிய அணை, சிறிய அணைச் சண்டை ஆண்டுக்கணக்கில் நடந்தது. என் பார்வையில் கேள்வி பணத்தைப் பற்றியது மட்டுமல்ல, யாருடைய வயல் காப்பாற்றப்பட வேண்டும் என்பதும்தான். பெரிய அணை தனக்குக் கீழே உள்ள நகரத்தைக் காக்கும். அதற்கு மேலே ஓடைக்கரையில் இருக்கும் விவசாயிக்கு அதனால் எந்தப் பயனும் இல்லை.

1944இல் வந்த வெள்ளத்தடுப்புச் சட்டம் 11 ஆற்றுப் படுகைகளில் சிறிய கரைகளுக்கு வழிவிட்டது. வாஷிட்டாவும் அவற்றில் ஒன்று. 1948 ஜூலையில் கார்டெல் ஊருக்கு அருகே கிளவுட் கிரீக் என்ற ஓடையின் குறுக்கே, இவ்வகையில் நாட்டின் முதல் மண் அணை முடிந்தது. 1953க்குள் சாண்ட்ஸ்டோன் கிரீக் படுகையில் மட்டும் 24 அணைகள் எழுந்துவிட்டன. 1954இல் வந்த இன்னொரு சட்டம் இதை நாடு முழுவதற்கும் விரித்தது. இன்று 47 மாநிலங்களில் இவ்வகை அணைகள் 11,800க்கும் மேல்.

இதன் நுட்பம் எளிமையில் இருக்கிறது. கரைக்கு உள்பக்கம், தண்ணீருக்குள்ளிருந்து ஒரு கான்கிரீட் கூண்டு எழுந்து நிற்கும். கிணற்று உறையைச் செங்குத்தாக நிறுத்தியது போல இருக்கும். குப்பைகூளம் புகாமலிருக்க வாயில் இரும்புக் கம்பி அடைப்பு. கூண்டின் அடியிலிருந்து ஒரு குழாய் கரையைக் குறுக்காகத் துளைத்து மறுபக்கம் ஓடையில் வந்து திறக்கும். கூண்டின் வாய்க்குக் கீழே எப்போதும் கொஞ்சம் தண்ணீர் நிற்கும். அது வண்டல் வந்து படிவதற்கென்று விட்ட இடம். மாடு குடிக்கும், ஆமை வெயில் காயும். வாய்க்கு மேலே உள்ள இடம்தான் வெள்ளத்துக்கு.

பெருமழையில் ஓடை பொங்கி வரும்போது நீர்மட்டம் கூண்டின் வாயைத் தாண்டி ஏறும். குழாய் சிறியது; அது விடுகிற அளவுதான் கீழே போகும். மீதி வெள்ளம் கரைக்குப் பின்னால் ஏறி நின்று, பத்து நாள் போல வடியும். ஷட்டர் கிடையாது. நடுராத்திரியில் கொட்டும் மழையில் யாரும் ஓடிப்போய் எதையும் திறக்க வேண்டாம். எப்போது திறப்பது, எவ்வளவு திறப்பது என்று ஒரு மனிதர் தவறாக முடிவெடுக்க வாய்ப்பே வைக்காத ஏற்பாடு இது. இந்தக் கட்டுமானத்தில் நான் மிகவும் மதிப்பது இதைத்தான்.

கணக்குக்கு மீறிய மழை வந்தால் என்ன செய்வது? அதற்குத்தான் கலிங்கு. கரையின் ஓரத்தில், அசல் நிலத்தை அகலமாக வெட்டிப் புல் வளர்த்த ஒரு பாதை. கட்டுமானம் எதுவும் இருக்காது, வெறும் புல்தரை. தெரியாதவர் பார்த்தால் மேய்ச்சல் நிலம் என்றே நினைப்பார். அங்கே பெரும்பாலும் வளர்ப்பது, வரப்பில் களை என்று நாம் வெட்டி எறிகிற அதே அருகம்புல்! எவ்வளவு வேகத்தில் தண்ணீர் ஓடினால் புல் தாங்கும், எங்கே பிய்த்துக்கொள்ளும் என்பதை ஓக்லஹோமாவின் ஸ்டில்வாட்டரில் உள்ள வேளாண் துறை நீரியல் ஆய்வுக்கூடம் பல பத்தாண்டுகளாகச் சோதித்து வருகிறது. அங்கே ஆள் உயரக் கரைகளைக் கட்டி, வேண்டுமென்றே தண்ணீரை மேலே வழியவிட்டு உடைத்தும் பார்த்திருக்கிறார்கள். வெளிச்சரிவில் முதலில் ஒரு சிறு படி விழும். அருவி போல அந்தப் படியில் தண்ணீர் குதிக்க, படி கொஞ்சம் கொஞ்சமாகப் பின்வாங்கி அணையின் தலையை நோக்கி நகரும். மணல் கலந்த மண் சீக்கிரம் விட்டுவிடும். பதமான ஈரத்தில் நன்றாக இடித்து இறுக்கிய களிமண் பல மணி நேரம் தாங்கும்.

களிமண் என்றாலே உறுதி என்று நினைப்பதும் தவறு. சில அணைகள் கட்டியவுடன், முதல் தடவை நிரம்பும்போதே ஓட்டை விழுந்து போயின. ஓக்லஹோமாவிலும் மிசிசிப்பியிலும் இதை ஆராய்ந்தபோது, சோடியம் மிகுந்த ஒருவகைக் களிமண் பிடிபட்டது. அதைக் கண்டுபிடிக்க ஒரு சோதனை உண்டு. நீங்களே செய்து பார்க்கலாம். கண்ணாடித் தம்ளரில் சுத்தமான தண்ணீர். அதில் சுண்டைக்காய் அளவு மண் உருண்டை ஒன்றை மெல்லப் போட வேண்டும். நல்ல மண் உதிர்ந்து அடியில் குவியும், தண்ணீர் தெளிவாகவே இருக்கும். இந்த மண் புகை போலப் பிரிந்து தம்ளரின் அடியெல்லாம் பரவும். கரைக்குள் மயிரிழை வெடிப்பு ஒன்று இருந்தால் போதும். அதன் வழியே நடக்கும் தண்ணீர் மண்ணைக் கரைத்துக்கொண்டே போய், விரலளவு ஓட்டையை ஆள் நுழையும் பொந்தாக்கிவிடும். அத்தகைய மண்ணைத் தவிர்ப்பார்கள், முடியாவிட்டால் சுண்ணாம்பு கலப்பார்கள். குழாயைச் சுற்றி மணல் வடிகட்டியும் வைப்பார்கள்.

நிலம் தனியார் விவசாயியுடையது. வெள்ளம் தேங்கிக்கொள்ள அவர் உரிமை எழுதிக்கொடுத்தார், பலர் காசு வாங்காமலே. கட்டும் செலவு மத்திய அரசு தந்தது. பராமரிப்பு உள்ளூர் மண் பாதுகாப்பு வட்டங்களின் பொறுப்பு. நம் குடிமராமத்தை நினைவூட்டும் ஏற்பாடு. கரையில் மரம் முளைத்தால் வெட்ட வேண்டும், வேர் செத்து மக்கினால் அதுவே நீர்த்தாரை. எலி போன்ற வளை தோண்டும் பிராணிகளின் பொந்தை அடைக்க வேண்டும். கூண்டின் வாயில் நீர்நாய் போன்ற பீவர்கள் குச்சியும் சேறும் வைத்து அடைத்துவிட்டால் அகற்ற வேண்டும். கரையின் அடியில் கசிவு தெரிந்தால் அதன் நிறத்தைப் பார்க்க வேண்டும்: தெளிந்த கசிவு கண்காணிக்க வேண்டியது, கலங்கல் கசிவு அப்போதே ஆட்களைக் கூப்பிட வேண்டியது.

சின்ன அணை என்று அலட்சியம் கூடாது. 1977 நவம்பர் 6 அதிகாலை, ஜார்ஜியா மாநிலத்தின் டொக்கோவாவில் சுமார் 40 அடி உயர மண் அணை உடைந்து 39 பேர் இறந்தார்கள். அது வெள்ளத்தடுப்புக்காகக் கட்டியதல்ல. ஆனால் அதன் பிறகுதான் ஜிம்மி கார்ட்டர் அரசு நாடு முழுவதும் அணைகளை ஆய்வு செய்யச் சொன்னது.

ஓக்லஹோமா அணைகளில் பலவற்றுக்குக் கணக்கிட்ட ஆயுள் 50 ஆண்டு. முதல் தலைமுறை அணைகள் அதைக் கடந்து வெகுகாலம் ஆகிவிட்டது. அதைவிட எனக்குக் கவலை தருவது வேறொன்று. அணை வந்ததும் கீழே வெள்ளம் நின்றது. வெள்ளம் நின்ற நிலத்துக்கு விலை ஏறியது. வயலாக இருந்த இடத்தில் வீடுகள் வந்தன, சாலை வந்தது. அணையில் ஒரு கூடை மண்கூட மாறவில்லை. ஆனால் சோளக்காட்டைக் காக்க என்று வடிவமைத்த கரை இப்போது குடும்பங்களுக்கு மேலே நிற்கிறது. அதிகாரிகள் அதன் அபாய வகையை உயர்த்திவிடுகிறார்கள். அந்த வகை கரையின் பலவீனத்தைச் சொல்வதல்ல, உடைந்தால் யார் போவார்கள் என்பதைச் சொல்வது. வீடு வாங்கியவரில் பலருக்கு மேட்டுக்கு அப்பால் அணை இருப்பதே தெரியாது, ஏனென்றால் அது நிரம்பி அவர்கள் பார்த்ததே இல்லை.

2000இல் வந்த சட்டத் திருத்தம், இந்த அணைகளைப் புதுப்பிக்கும் செலவில் 65 சதவீதத்தை மத்திய அரசு ஏற்க வழி செய்தது. கரையைச் சில அடி உயர்த்துவது, கலிங்கை அகலப்படுத்துவது, துருப்பிடித்த குழாயையும் பழைய கூண்டையும் மாற்றுவது என வேலை நடக்கிறது. கடைசியில் வெட்டிய சரிவு முழுவதும் மறுபடி புல் போட வேண்டும். வேர் பிடித்துத் தரை மூடும்வரை மாடு நுழையாமல் சுற்றிலும் முள்கம்பி வேலி கட்டியிருப்பார்கள்.