எலும்பு கட்டும் செல்லுக்கு யார் பிரேக் போடுறாங்க?

எலும்புன்னு சொன்னதும் கான்கிரீட் தூண் மாதிரி உயிரில்லாத ஒண்ணுதான் நம்ம மனசுல வரும். ஆனா அது உயிருள்ள திசு. பழைய எலும்பைக் கரைக்கிற செல்களும், புதுசா கட்டுற செல்களும் வாழ்நாள் முழுக்க வேலை பார்த்துக்கிட்டே இருக்கு. கட்டுற செல்லுக்குப் பேர் ஆஸ்டியோபிளாஸ்ட். இன்னைக்கு எபிசோடு இந்தக் கொத்தனாரைப் பத்தித்தான்.

இவர் எங்கிருந்து வர்றார்? எலும்பு மஜ்ஜையில இருக்கிற ஒரு வகை ஸ்டெம் செல்லிலிருந்து. அதே ஸ்டெம் செல் கொழுப்பு செல்லாகவும் மாறலாம். அதை எலும்புப் பக்கம் திருப்பி விடுறது ரன்எக்ஸ்2 என்ற புரதம். இது டிஎன்ஏ மேல உட்கார்ந்து, எலும்பு கட்டத் தேவையான மரபணுக்களை ஆன் பண்ணும். 1997-ல வெளியான ஆய்வுகள்ல, இந்த மரபணுவை நீக்கின எலிகளுக்கு எலும்புக்கூடு முழுக்கக் குருத்தெலும்பாவே இருந்தது. மூச்சுவிட முடியாம, பிறந்ததுமே அவை இறந்துபோச்சு.

சரி, "இப்போ கட்டு"ன்னு உத்தரவு எப்படி வருது? வின்ட் என்ற புரதம் வெளியிலிருந்து வந்து, செல்லோட மேற்பரப்புல இருக்கிற எல்ஆர்பி5, எல்ஆர்பி6 போன்ற ஏற்பிகள்ல ஒட்டும். உடனே செல்லுக்குள்ள பீட்டா-கேட்டனின் சேர ஆரம்பிக்கும். அது நியூக்ளியஸுக்குள்ள போய் கட்டுமான மரபணுக்களை எழுப்பிவிடும்.

எனக்கு ரொம்பப் பிடிச்ச பகுதி இனிமேதான். ஆஸ்டியோபிளாஸ்ட்கள்ல சில, தாங்களே கட்டின எலும்புக்குள்ள புதைஞ்சு ஆஸ்டியோசைட்டா மாறிடும். புதைஞ்சாலும் சும்மா இருக்காது. ஸ்க்ளெரோஸ்டின்னு ஒரு புரதத்தை வெளியே விடும். அது போய் அந்த ஏற்பிகளை அடைச்சுக்கும், வின்ட் உத்தரவு உள்ளே போகாது. இதுதான் பிரேக். எலும்பு மேல பாரம் விழுந்தா ஸ்க்ளெரோஸ்டின் குறையும், கட்டுமானம் நடக்கும். பாரமே இல்லைன்னா கூடும். விண்வெளி வீரர்களுக்கு இடுப்பெலும்புல மாசத்துக்கு 1 சதவீதத்துக்கு மேல அடர்த்தி குறையறதுக்கு பாரம் இல்லாததுதான் முக்கியக் காரணம்.

அப்போ பிரேக்கையே கழட்டிட்டா? இயற்கையே அதைச் செஞ்சு காட்டியிருக்கு. தென்னாப்பிரிக்காவில ஆஃப்ரிகானர் சமூகத்துல சில குடும்பங்களுக்கு ஸ்க்ளெரோஸ்டின் மரபணு ரெண்டு பிரதியிலயும் பழுது. அவங்களுக்கு எலும்பு சாமானியமா உடையாது. ஆனா மண்டையோடு தடிச்சுக்கிட்டே போய் நரம்புகளை நெரிக்கும். காது கேட்காமப் போகும், முகம் செயலிழக்கும், மூளைக்குள்ள அழுத்தம் கூடி உயிரே போகலாம். ஒரே பிரதி பழுதானவங்களுக்கோ எலும்பு அடர்த்தி அதிகம், இந்தத் தொல்லைகள் இல்லை. அதாவது, பிரேக்கைக் கொஞ்சம் தளர்த்தினா போதும்.

அந்தக் காரணத்தைப் பிடிச்சுத்தான் ரோமோசோசுமாப் வந்தது. ஸ்க்ளெரோஸ்டினைப் பிடிச்சுக்கிற ஆன்டிபாடி இது. 2019-ல அமெரிக்காவில அனுமதி கிடைச்சது, மாதவிடாய் நின்ன பிறகு எலும்பு முறிவு அபாயம் அதிகமா இருக்கிற பெண்களுக்காக. மாசம் ஒரு டோஸ், 12 மாசத்தோட நிறுத்திடுவாங்க. மாரடைப்பு, பக்கவாதம் பத்தின கடுமையான எச்சரிக்கையும் மருந்தோட சேர்ந்தே வருது. அதனால யாருக்குக் கொடுக்கலாம்னு டாக்டர் பார்த்துத்தான் முடிவு பண்ணணும்.

நமக்கு இதுல என்ன? எலும்பு அடர்த்தி ஏறக்குறைய 30 வயசுக்குள்ள உச்சம் தொட்டுடும். அப்புறம் அந்த இருப்பிலிருந்துதான் செலவு. நாள் முழுக்க நாற்காலியில உட்கார்ந்தே வேலை பார்க்கிற நம்ம தலைமுறைக்கு, பிரேக்கைத் தளர்த்த ஊசி தேவையில்லை. படி ஏறுங்க, குதிங்க, எடை தூக்குங்க. உள்ளே புதைஞ்சு கிடக்கிற அந்த செல்களுக்குப் புரியிற ஒரே பாஷை பாரம்தான்.