உங்களுக்குத் தெரியுமா? விரல் தள்ளத் தள்ள ஓடும் பட்டியல்

செய்தி, சமையல் குறிப்பு, புடவைக் கடை, நண்பர்களின் புகைப்படம் என்று போனில் நாம் பார்ப்பது பெரும்பாலும் ஒரு நீளப் பட்டியலைத்தான். சில ஆப்களில் அது வழுக்கிக்கொண்டு போகிறது. சிலவற்றில் சிக்கிச் சிக்கி நகர்கிறது. உடனே பழியைப் போனின் மேல் போட்டுவிடுகிறோம். பல நேரங்களில் குற்றம் போனுடையது அல்ல, ஆப்பை எழுதிய விதத்தினுடையது.

● திரையில் எதுவும் உண்மையில் நகர்வதில்லை. சாதாரண போனில் ஒரு நொடிக்கு 60 முறை முழுத் திரையும் புதிதாகக் காட்டப்படுகிறது. அப்படியானால் ஒரு ஃப்ரேமைத் தயாரிக்க ஆப்புக்குக் கிடைக்கும் நேரம் 16.67 மில்லிநொடி. அதற்குள் வேலை முடியவில்லை என்றால் பழைய ஃப்ரேமே இன்னொரு முறை காட்டப்படும். அந்த ஒரு தவறலையும் கண் கண்டுபிடித்துவிடும். ஆண்ட்ராய்டு டெவலப்பர்கள் இதை ‘ஜாங்க்’ என்கிறார்கள். நொடிக்கு 120 முறை புதுப்பிக்கும் 120 ஹெர்ட்ஸ் திரை உள்ள போன் வாங்கினால் எல்லாம் சரியாகிவிடும் என்று நினைக்க வேண்டாம். அங்கே ஆப்புக்குக் கிடைப்பது 8.33 மில்லிநொடிதான். திரையின் வேகம் உயர உயர, சோம்பலாக எழுதிய ஆப் இன்னும் நன்றாக வெளிப்படும்.

● பத்தாயிரம் பதிவுகள் உள்ள பட்டியலில் போன் உருவாக்கி வைத்திருக்கும் வரிசைகள் ஏறக்குறைய பத்துப் பதினைந்துதான்! டீக்கடையில் இருபது கிளாஸை வைத்துக்கொண்டு நாள் முழுக்க நூற்றுக்கணக்கானோருக்கு டீ கொடுப்பதைப் போல, மேலே மறைந்துபோன வரிசையையே எடுத்து, உள்ளே இருந்ததைக் கொட்டிவிட்டு, புதுப் பதிவை ஊற்றிக் கீழே அனுப்புகிறார்கள். ஐபோனில் 2008-இல் வெளி டெவலப்பர்களுக்குக் கதவு திறந்த நாளிலிருந்தே இந்த ஏற்பாடு உண்டு. ஆண்ட்ராய்டிலும் தொடக்கத்திலேயே இருந்தது. ஆனால் விரும்பினால் பயன்படுத்தலாம், மறந்தால் கேட்பாரில்லை. 2014-இல் வந்த ‘ரீசைக்ளர்வியூ’ அதை விட்டுவிட முடியாத விதியாக்கியது.

இந்த மறுபயன்பாட்டில்தான் ஒரு பிரபலமான பிழையும் பிறக்கிறது. வேகமாகத் தள்ளும்போது ஒருவர் பெயருக்குப் பக்கத்தில் இன்னொருவர் முகம் ஒரு கணம் தோன்றி மறைவதைப் பார்த்திருப்பீர்கள். வரிசை பழையது, பெயர் புதியது, புதுப் புகைப்படம் இன்னும் இணையத்திலிருந்து வந்து சேரவில்லை. அதுவரை பழைய முகமே நிற்கிறது. வரிசையைத் திரும்ப எடுத்தவுடன் பழைய படத்தை அழித்துவிட்டு, அதற்காகப் போட்ட பழைய கோரிக்கையையும் ரத்து செய்திருந்தால் இது நேராது. இரண்டே வரி வேலை. வங்கி ஆப்பில் இது நடந்தால் பயனர் எப்படிப் பதறுவார் என்று நினைத்தால் அந்த இரண்டு வரியின் அருமை புரியும்.

● ஐபோனில் விரலை எடுத்த பிறகும் பட்டியல் ஓடி, மெல்ல நிற்கிறதே, அந்த நிதானத்துக்குப் பின்னால் ஓர் எண் இருக்கிறது: 0.998. ஒவ்வொரு மில்லிநொடியும் வேகம் இந்த எண்ணால் பெருக்கப்படுகிறது. ஒரு நொடி கழித்து முதல் வேகத்தில் சுமார் 13.5 சதவீதம்தான் மிஞ்சும். நொடிக்கு 2,000 புள்ளி வேகத்தில் தள்ளினால், பட்டியல் கிட்டத்தட்ட 1,000 புள்ளி தூரம் ஓடி நிற்கும். இந்த எண்ணை 0.99 என்று மாற்றினால் பட்டியல் பிரேக் போட்டதுபோல் நின்றுவிடும். ஆப்பிள் அந்த இரண்டாவது எண்ணையும் ஒரு தேர்வாக டெவலப்பர்களுக்குக் கொடுத்திருக்கிறது.

● பட்டியலின் கடைசிக்கு வந்த பிறகும் இழுத்தால் ரப்பர் போல நீண்டு, விட்டதும் பழைய இடத்துக்குத் திரும்பும். ஆப்பிளின் வடிவமைப்பாளர் பாஸ் ஆர்டிங் உருவாக்கியது இது. முடிவில் பட்டியல் அசையாமல் நின்றால், போன் உறைந்துவிட்டதா, பட்டியல் முடிந்துவிட்டதா என்று தெரியாது. ரப்பர் நீட்சி அந்தச் சந்தேகத்தைத் தீர்க்கிறது. 2012-இல் கலிஃபோர்னியாவில் நடந்த ஆப்பிள்–சாம்சங் வழக்கில் மோதிய காப்புரிமைகளில் இதுவும் ஒன்று. ஆண்ட்ராய்டு நெடுங்காலம் ஓரத்தில் ஒளிர்வை மட்டும் காட்டியது. 2021-இல் வந்த ஆண்ட்ராய்டு 12-இல்தான் அங்கும் நீட்சி வந்தது.

● கீழே இழுத்துப் புதுப்பிக்கும் பழக்கம் ‘ட்வீட்டீ’ என்ற ஆப்பிலிருந்து வந்தது. எழுதியவர் லோரன் பிரிக்டர். 2010-இல் ட்விட்டர் அந்த ஆப்பையே வாங்கிக்கொண்டது. 2012-இல் ஆப்பிள் இந்த வசதியை ஐஓஎஸ் 6-இல் சேர்த்தது.

● 12 மெகாபிக்சல் புகைப்படம் ஃபைலாக 3 எம்பி இருக்கலாம். திரையில் காட்ட அதை விரித்ததும், ஒரு பிக்சலுக்கு 4 பைட் வீதம் 48 எம்பி ஆகிவிடும். ஜேபெக் சுருக்கம் சேமிப்புக்குத்தான், ரேமுக்கு அந்தச் சலுகை கிடையாது. கட்டைவிரல் நகம் அளவு முகப்படத்துக்கு முழுப் புகைப்படத்தையும் விரிக்கும் ஆப், இருபது வரிசை ஓடுவதற்குள் கிட்டத்தட்ட ஒரு ஜிபியைக் கேட்கிறது. ரேம் குறைந்த போன்களில் ஆப் திடீரென மூடிக்கொள்வதற்கு இது ஒரு பொதுவான காரணம். எந்த அளவில் காட்டப்போகிறோமோ அந்த அளவுக்குச் சுருக்கித்தான் விரிக்க வேண்டும், அதுவும் திரையை வரையும் வேலைக்குக் குறுக்கே வராத தனி இழையில் (த்ரெட்).

● தமிழ் எழுத்துக்கு இங்கே தனி இடம் உண்டு. ‘கொ’ என்பதை எடுத்துக்கொள்ளுங்கள். கணினியின் நினைவில் அது க-வும் அதன் பின்னால் ஓர் உயிர்க்குறியும்தான். திரையில் வரும்போது அந்தக் குறியை இரண்டாகப் பிரித்து, கொம்பை முன்னாலும் காலைப் பின்னாலும் வைக்க வேண்டும். ‘கு’, ‘மு’, ‘து’ ஒவ்வொன்றுக்கும் தனி வடிவம் தேட வேண்டும். இதெல்லாம் முடிந்த பிறகுதான் ஒரு சொல்லின் அகலம் தெரியும். அகலம் தெரிந்தால்தான் வரி எங்கே மடங்கும் என்பதும், வரிசையின் உயரமும் தெரியும். ஒவ்வொரு பதிவுக்கும் இந்தக் கணக்கு உண்டு, அதுவும் அந்த 16.67 மில்லிநொடிக்குள். 2018-இல் வந்த ஆண்ட்ராய்டு 9 ‘ப்ரீகம்ப்யூட்டட்டெக்ஸ்ட்’ என்ற வசதியைத் தந்தது. வரிசை திரைக்கு வருவதற்கு முன்பே, பின்னணியில் எழுத்தை அளந்து வைத்துக்கொள்ளலாம். நீளமான தமிழ்ப் பதிவுகளைக் காட்டும் ஆப்களுக்கு இது வரம்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். ஆங்கிலத்தில் இரண்டு வரியில் அடங்கும் தலைப்பு தமிழில் மூன்று வரியாகலாம். வரிசையின் உயரம் மாறாது என்று வைத்துக்கொண்டு எழுதிய பட்டியலில் தமிழின் மூன்றாவது வரி பாதியோடு வெட்டுப்படும். ‘இ’கரக் கொக்கி மேலே அறுபடும், ‘உ’கரச் சுழி கீழே அறுபடும். நம் எழுத்தை அரைகுறையாகக் காட்டும் ஆப்பை, எவ்வளவு வேகமாக ஓடினாலும், நல்ல ஆப் என்று என்னால் சொல்ல முடியாது.

● பிரவுசருக்கும் எல்லை உண்டு. குரோமில் ஒரு பெட்டியின் உயரம் சுமார் 3.35 கோடி பிக்சலைத் தாண்ட முடியாது. வரிசைக்கு 50 பிக்சல் என்றால் சுமார் 6.7 லட்சம் வரிசைகள். அதற்கு வெகு முன்பே, எல்லா வரிசைகளையும் பக்கத்தில் குவித்தால் பிரவுசர் மூச்சு வாங்க ஆரம்பித்துவிடும் என்பது வேறு விஷயம். செய்தி படித்துக்கொண்டிருக்கும்போது மேலே ஒரு விளம்பரம் திறந்து, படித்த வரி கீழே ஓடிவிடும் கொடுமையைக் குறைக்க 2017-இல் குரோம் 56 ஒரு வழி செய்தது: மேலே எவ்வளவு நீண்டதோ அவ்வளவு ஸ்க்ரோலைத் தானே சரிசெய்துகொள்ளும்.

● கண்ணுக்குத் தெரியும் பகுதிக்கு வெளியேயும் கொஞ்சம் தயாராக வைத்திருப்பார்கள். எவ்வளவு என்பதில் ஒவ்வொருவருக்கும் ஒரு கணக்கு. ஆப் எழுதும் கருவியான ஃப்ளட்டரில் வழக்கமான அளவு மேலும் கீழும் 250 பிக்சல். அதேபோன்ற இன்னொரு கருவியான ரியாக்ட் நேட்டிவின் ‘ஃப்ளாட்லிஸ்ட்’ 21 திரை அளவை வைத்துக்கொள்கிறது: பார்ப்பது ஒன்று, மேலே பத்து, கீழே பத்து. இருந்தும் வேகமாகத் தள்ளினால் வெற்று வெள்ளை தெரியும். காரணம், ஃப்ளாட்லிஸ்ட் வரிசைகளைத் திரும்பப் பயன்படுத்தாமல், ஒவ்வொன்றையும் புதிதாக உருவாக்குகிறது. இதற்குத் தீர்வாக நம் பெங்களூரின் ஃப்ளிப்கார்ட் பொறியாளர்கள் ‘ரீசைக்ளர்லிஸ்ட்வியூ’ என்ற கருவியை எழுதி, யாரும் எடுத்துக்கொள்ளலாம் என்று திறந்து வைத்தார்கள். 2022-இல் ஷாப்பிஃபை வெளியிட்ட ‘ஃப்ளாஷ்லிஸ்ட்’ முதல் பதிப்பு இதன் மேல்தான் கட்டப்பட்டது.

● பார்த்த பதிவே திரும்ப வருகிறதா? சர்வரிடம் “21-ஆவதிலிருந்து 20 கொடு” என்று எண்ணிக்கை சொல்லிக் கேட்கும் ஆப்களில் இது நடக்கும். நீங்கள் முதல் இருபதைப் படிப்பதற்குள் மேலே மூன்று புதுப் பதிவு சேர்ந்தால், 18-ஆவதாக இருந்தது 21-ஆவதாகிவிடும். “இந்தப் பதிவுக்கு அடுத்ததிலிருந்து கொடு” என்று அடையாளம் சொல்லிக் கேட்டால் பிரச்சினையே இல்லை.

● பட்டியலில் ஒரே ஒரு லைக் மாறினால் எல்லா வரிசைகளையும் மீண்டும் வரையத் தேவையில்லை. எது மாறியது என்று கண்டுபிடிக்க ஆண்ட்ராய்டு பயன்படுத்துவது யூஜின் மையர்ஸ் 1986-இல் வெளியிட்ட வழிமுறையை. புரோகிராமர்கள் தினமும் தட்டும் ‘கிட் டிஃப்’ கட்டளைக்குள் இருப்பதும் அதுவே.

● முடிவில்லா ஸ்க்ரோலை 2006-இல் உருவாக்கியவராக அறியப்படுபவர் ஆசா ராஸ்கின். மெக்கின்டாஷ் திட்டத்தைத் தொடங்கிய ஜெஃப் ராஸ்கினின் மகன். அடுத்த பக்கத்துக்குப் போகும் பட்டனை அழுத்தும் சிரமத்தைப் போக்குவதே அவர் நோக்கம். மக்கள் நிறுத்த இடமில்லாமல் ஸ்க்ரோல் செய்துகொண்டே இருப்பதைப் பார்த்து, பின்னர் அவர் பகிரங்கமாக வருத்தம் தெரிவித்தார். 2018-இல் இன்ஸ்டாகிராம், புதிய பதிவுகள் எல்லாம் பார்த்தாகிவிட்டது என்று சொல்லும் ஓர் அடையாளத்தைச் சேர்த்தது. கூகுள் தன் தேடல் முடிவுகளை 2021-இல் போனிலும் 2022-இல் கணினியிலும் தொடர் ஸ்க்ரோலாக மாற்றி, 2024-இல் அதைத் திரும்பப் பெறத் தொடங்கியது. தேடி வந்தவருக்குப் பக்க எண் ஒரு வசதி. பொழுதுபோக்க வந்தவருக்கு ஓடும் பட்டியல் சரி. இரண்டையும் குழப்பக் கூடாது.

● பார்வையற்றவர்கள் பயன்படுத்தும் திரை வாசிப்பானுக்கு முடிவில்லாப் பட்டியல் ஒரு பொறி. எத்தனை பதிவு, நாம் எத்தனையாவதில் இருக்கிறோம், எப்படி வெளியே வருவது என்று எதுவும் தெரியாது. 2017-இல் முடிவான, இணையப் பக்கங்களை மாற்றுத்திறனாளிகளுக்கும் எட்டச் செய்யும் ஏரியா 1.1 தரநிலை இதற்கென்றே ‘ஃபீட்’ என்ற வகையைச் சேர்த்தது. மொத்த எண்ணிக்கை தெரியாதபோது -1 என்று குறிக்கவும் வழி இருக்கிறது. வழி இருந்தும் பயன்படுத்தாமல் விடுவதற்குச் சாக்கு எதுவும் இல்லை.

● உங்களிடம் ஆண்ட்ராய்டு போன் இருந்தால் நீங்களே சோதிக்கலாம். செட்டிங்ஸில் பில்டு நம்பரை ஏழு முறை தட்டினால் டெவலப்பர் ஆப்ஷன்ஸ் திறக்கும். அதில் ‘ப்ரொஃபைல் ஹெச்டபிள்யூயூஐ ரெண்டரிங்’ என்பதைத் திரையில் பட்டைகளாகக் காட்டச் சொல்லுங்கள். பச்சைக் கோடுதான் 16.67 மில்லிநொடி. அதைத் தாண்டி எழும் ஒவ்வொரு பட்டையும் நேரத்துக்கு முடியாத ஒரு ஃப்ரேம். ஃப்ளட்டர் ஆப்களுக்கு மட்டும் அதற்கென்று தனிக் கருவி வேண்டும். ஆப் எழுதுபவராக நீங்கள் இருந்தால், வெளியிடுவதற்கு முன் ஒருமுறை ரேம் குறைந்த போனில், சோதனைப் பதிப்பை அல்ல, வெளியீட்டுப் பதிப்பை, நீளமான தமிழ்ப் பதிவுகளை நிரப்பி ஓட்டிப் பாருங்கள்.