சிகாகோ வீதியும் ஒடுகத்தூர்ச் சாலையும்

"ஸார், இன்னும் வரவில்லை!"

2013-ஆம் வருஷத்தின் கடைசி மாதங்களில், ஒடுகத்தூரில் என்னிடம் படித்த பையன்களின் வாயில் இந்த ஒரு வாக்கியந்தான் குடியிருந்தது. உத்திரகாவேரியில் தண்ணீர் வரவில்லை என்பதைப் பற்றியோ, பரீட்சை முடிவு வரவில்லை என்பதைப் பற்றியோ அவர்கள் கவலைப்படவில்லை. 'தூம் 3' என்னும் ஹிந்திப் படத்தை ஒட்டி, மோட்டார் ஸைக்கிளில் வீதிகளில் பறக்கும் விளையாட்டு ஒன்று கைப்பேசிக்கு வரப் போகிறதாம். அதற்குத்தான் அத்தனை தவம்!

படத்தின் கதை சிகாகோ நகரத்தில் நடக்கிறது. ஆமீர் கான், ஸர்க்கஸில் இந்திரஜாலம் செய்கிறவராகவும், பாங்கைக் கொள்ளையிட்டு மோட்டார் ஸைக்கிளில் தப்பியோடுகிறவராகவும் வருகிறார். டிஸம்பர் 20-ந் தேதி படம் வெளியாயிற்று, தமிழிலும் பேசியது. படத்தைப் பார்ப்பதைவிட, கதாநாயகனின் வண்டியைத் தாங்களே ஓட்டுவதில் அல்லவா பையன்களுக்கு ஆசை!

விளையாட்டைச் செய்தவர்கள் யார் தெரியுமா? அமெரிக்கரும் அல்ல, ஜப்பானியரும் அல்ல. உடுப்பியிலுள்ள '99கேம்ஸ்' என்னும் கம்பெனியார். உடுப்பி என்றால் நமக்கு நினைவுக்கு வருவது கிருஷ்ணன் கோயில், அடுத்தபடி தோசை. அந்த ஊரில் உட்கார்ந்துகொண்டு சிகாகோ வீதிகளை உள்ளங்கையளவு கண்ணாடிக்குள் அடக்கிவிட்டார்கள் நம்மவர்கள். இதை வகுப்பில் சொன்னபோது பையன்களின் முகத்தில் தோன்றிய பெருமிதத்தை நான் மறக்கவில்லை. ஒருவன் மட்டும் எழுந்து, "அப்படியானால் நம் மலைச் சாலையை ஏன் வைக்கவில்லை, ஸார்?" என்று கேட்டான். எனக்குப் பதில் தோன்றவில்லை.

நிற்க. படத்தை ஒட்டிய விளையாட்டுக்கு ஒரு சங்கடம் உண்டு. படம் வெளியாகும் நாள் அதற்குக் காத்திராது. 1982-ல் 'ஈ.டி.' படத்துக்காக அடாரி கம்பெனியார் கிறிஸ்துமஸுக்குள் விற்க வேண்டுமென்று ஏறக்குறைய ஐந்தே வாரங்களில் ஒரு விளையாட்டைத் தயாரித்தார்கள். விற்காமல் தங்கியவற்றில் ஒரு பகுதியை நியூ மெக்ஸிகோவில் குப்பைக் குழியில் புதைக்க நேர்ந்தது; 2014-ல் அவற்றைத் தோண்டியும் எடுத்தார்கள்! 'ஃபாஸ்ட் அண்ட் ஃப்யூரியஸ்' படங்களை ஒட்டிய 'கிராஸ்ரோட்ஸ்' விளையாட்டின் கதியும் ஏறக்குறைய அதுதான். 2019 டிஸம்பரில் விளம்பரம். 2020 மே மாதம் வருவதாக இருந்து, தள்ளிப் போய் ஆகஸ்டில் வெளியீடு. 2022-ல் விற்பனை நிறுத்தம். எதிர்பார்த்த நாட்களில் இருந்த இனிமை, கைக்கு வந்த பிறகு இல்லாமற் போயிற்று.

எங்கள் பையன்களுக்கோ வேறொரு தடை. விளையாட்டு வெளிவந்த பின்பும் அதை ஏற்றுக்கொள்ளத்தக்க கைப்பேசி அவர்களிடம் இல்லை. வகுப்புக்கெல்லாம் நம்பிக்கை, ஒரு பையனுடைய அண்ணனின் கைப்பேசி. அந்த அண்ணன் பெங்களூரில் வேலை பார்த்தான்; பொங்கலுக்குத்தான் ஊருக்கு வருவான். ஆகவே சிகாகோவே பொங்கலுக்காகக் காத்திருந்தது என்று சொல்ல வேண்டும்.

அண்ணன் வந்தான். கைப்பேசியோடு மட்டும் வரவில்லை. புது மோட்டார் ஸைக்கிளிலும் வந்தான்.

மாட்டுப் பொங்கலன்று மாலை, வீட்டார் மாட்டைக் குளிப்பாட்டிக்கொண்டிருந்த நேரம். தம்பி கைப்பேசியைத் தேடவில்லை, சாவியைத் தேடினான். ஜவ்வாது மலை அடிவாரத்துச் சாலையில், மூன்றாவது வளைவில், ஆட்டு மந்தை ஒன்று குறுக்கே வந்தது. வெள்ளிக்கிழமைச் சந்தை நடக்கும் ஊரில் ஆடு வராமல் வேறென்ன வரும்? மந்தைக்கு ஒன்றும் நேரவில்லை. பையனுக்கு வலது மணிக்கட்டு முறிந்தது.

விடுமுறை முடிந்ததும் கணக்குப் பாடத்தைச் சற்று நிறுத்திவிட்டுக் கரும்பலகையில் எழுதினேன். மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் போகிறவன், ஆட்டைக் கண்டு பிரேக்கைத் தொடுவதற்குள் ஒரு விநாடி கழிந்தாலும் 16 மீட்டருக்கு மேல் போய்விடுகிறான். வேகம் இரட்டித்தால், பிரேக் பிடித்த பின் வண்டி நிற்கும் தூரம் இரட்டிப்பதில்லை, நான்கு மடங்காகிறது. அன்று ஒருவனும் ஜன்னலுக்கு வெளியே பார்க்கவில்லை.

பெற்றோருக்கும் ஒரு வார்த்தை. 2019-ல் திருத்திய மோட்டார் வாகனச் சட்டப்படி, வயது நிரம்பாத பிள்ளை வண்டியோட்டிக் குற்றம் செய்தால், பாதுகாவலருக்கோ சொந்தக்காரருக்கோ மூன்று ஆண்டு சிறையும் 25,000 ரூபாய் அபராதமும் விதிக்கப்படலாம்; பிள்ளைக்கு 25 வயதுவரை லைஸென்ஸ் கிடையாது. சாவியை ஆணியில் மாட்டும்போது இது நினைவிருப்பது நல்லது.

அண்ணன் பெங்களூருக்குப் புறப்படுமுன் கைப்பேசியை ஒரு மணி நேரம் தம்பியிடம் கொடுத்தானாம். சாய்த்துச் சாய்த்து ஓட்ட வேண்டிய விளையாட்டு. இவனுக்கோ ஒரு கை கட்டில். பக்கத்து வீட்டுப் பையன் சாய்த்துக் கொடுக்க, இருவருமாகச் சிகாகோ வீதியில் பறந்தார்கள்.

"எத்தனை தடவை விழுந்தாய்?" என்று கேட்டேன்.

"கணக்கே இல்லை, ஸார். ஆனால் இதில் உடனே எழுந்துவிடலாம்" என்றான், கட்டைத் தடவிக்கொண்டே.

மலைச் சாலையை ஏன் வைக்கவில்லை என்று அன்று கேட்டவனும் அவன்தான்.