மன்னா: "இது என்ன?" என்று பெயர் வைத்த சாப்பாடு

"கர்த்தரை நம்பு, கவலைப்படாதே" என்று சொல்வது சுலபம். ஆனா நாளைக்கு என்ன ஆகும்னு தெரியாத நேரத்தில் நம்புவது என்றால், நடைமுறையில் என்ன செய்யணும்? ஐடி துறையில் நாற்பதைத் தாண்டியவர்களுக்கு இந்தக் கேள்வி நல்லாவே தெரியும். வீட்டுக் கடன் தவணை இன்னும் பல வருஷம் இருக்கும். வேலை அதுவரை இருக்குமா என்று யாராலும் சொல்ல முடியாது. இந்தக் கேள்வியை வைத்துக்கொண்டு யாத்திராகமம் 16-ஆம் அதிகாரத்தை நிதானமாகப் படித்தேன். அந்தக் குறிப்புகள்தான் இவை.

பின்னணி

எகிப்தை விட்டுக் கிளம்பிய இஸ்ரவேலர், ஏலிமுக்கும் சீனாய்க்கும் நடுவே உள்ள சீன் வனாந்தரத்துக்கு வருகிறார்கள். தேதியும் இருக்கு: இரண்டாம் மாதம் 15. கிளம்பியது முதல் மாதம் 15. சரியாக ஒரு மாசம். எகிப்தில் இறைச்சிச் சட்டிகளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து வயிறாரச் சாப்பிட்டதை நினைத்து முறுமுறுக்கிறார்கள். அங்கே அடிமை வாழ்க்கைதான். ஆனா அடுத்த வேளை சாப்பாடு நிச்சயம். அந்த நிச்சயத்தைத்தான் மனசு தேடுது.

இவர்கள் விசுவாசத்தோடு ஜெபம் பண்ணினதால் மன்னா வந்தது என்று அந்த அதிகாரம் சொல்லவில்லை. முறுமுறுத்தவர்களுக்குத்தான் வந்தது. "எனக்கு விசுவாசம் பத்தாது, அதனால்தான் தேவன் செய்யலை" என்று தன்னையே குறை சொல்லிக்கொள்கிறவர்கள் இதைக் கொஞ்சம் யோசிக்கலாம்.

பெயரே ஒரு கேள்வி

காலையில் தரையில் கிடந்ததைப் பார்த்து எபிரெயத்தில் "மான் ஹூ" என்றார்கள். "இது என்ன?" என்று அர்த்தம். அந்தக் கேள்வியே பெயராகிவிட்டது. அவர்களுக்கும் அவர்கள் பிதாக்களுக்கும் தெரியாத உணவு என்று உபாகமம் 8-ம் சொல்கிறது. என்னவென்று விளங்கிய பிறகு சாப்பிடலாம் என்று யாரும் காத்திருக்கவில்லை. 40 வருஷமும் அந்தப் பெயர் மாறவே இல்லை. விளங்காத ஒன்றை வைத்தே வாழ்க்கை நடந்திருக்கு.

விதிமுறைகள்

ஆளுக்கு ஒரு ஓமர். அதாவது எப்பாவில் பத்தில் ஒரு பங்கு, இன்றைய கணக்கில் சுமார் 2 லிட்டர். வெயில் ஏறினால் உருகிவிடும், அதனால் காலையிலேயே போய்ச் சேர்க்கணும். மறுநாளுக்கு மிச்சம் வைத்தால் புழுத்து நாறும். ஆறாம் நாள் மட்டும் இரண்டு மடங்கு, அது கெடாது. ஏழாம் நாள் எதுவும் இருக்காது.

இதில் மனுஷன் செய்ய வேண்டிய வேலையும் இருக்கு. மன்னா கூடாரத்துக்குள் வந்து விழவில்லை. தினமும் எழுந்து, குனிந்து, பொறுக்கி, சமைக்கணும். நம்புவது என்றால் கையைக் கட்டிக்கொண்டு உட்காருவது கிடையாது. இன்றைய வேலையை இன்று செய்துவிட்டு, ராத்திரி வெறும் பாத்திரத்தோடு தூங்கப் போவது. கஷ்டமான பகுதி அந்தத் தூக்கம்தான்.

ஒரு சின்னக் கணக்கு போட்டேன். வாரத்துக்கு 6 காலை, வருஷத்துக்கு 52 வாரம், 40 வருஷம். கிட்டத்தட்ட 12,500 காலைகள். ஒரே நாளில் யாருக்கும் முழு நம்பிக்கை வந்துவிடவில்லை. திரும்பத் திரும்பச் செய்து பழகும் பயிற்சியாகத்தான் அது இருந்திருக்கு.

அப்போ சேமிக்கக் கூடாதா?

இந்தக் கேள்வி நியாயமானது. ஆதியாகமம் 41-இல் யோசேப்பு இதற்கு நேர் எதிராகச் செய்கிறார். செழிப்பான ஏழு வருஷமும் விளைச்சலில் ஐந்தில் ஒரு பங்கைக் களஞ்சியத்தில் சேர்க்கிறார். அதுவும் தேவன் காட்டிய வழிதான். மன்னாவிலும் ஆறாம் நாள் சேர்த்து வைப்பதுதான் கீழ்ப்படிதல்.

இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் வித்தியாசம் புரியும். யோசேப்புக்குப் பஞ்சம் வரும் என்று முன்கூட்டியே தெரிவிக்கப்பட்டது. தெரிந்த விஷயத்துக்குத் திட்டம் போட்டார். வனாந்தரத்தில் மிச்சம் வைத்தவர்கள், நாளைக்கு வராதோ என்ற பயத்தில் வைத்தார்கள். இரண்டிலும் செயல் ஒன்றுதான், சேர்த்து வைப்பது. எதனால் சேர்த்தார்கள் என்பதுதான் வேறு. அதனால் பிஎஃப், காப்பீடு, அவசரத் தேவைக்கான பணம் இதெல்லாம் அவிசுவாசம் ஆகாது. அதில் இருக்கும் எண்ணைப் பார்த்தால்தான் மனசு அடங்குகிறது, எவ்வளவு சேர்ந்தாலும் அடங்குவதில்லை என்றால் அங்கேதான் கவனிக்கணும்.

மன்னா நின்ற பிறகு

யோசுவா 5-இல், யோர்தானைக் கடந்து கில்காலில் பஸ்கா கொண்டாடி, அந்த நாட்டின் விளைச்சலைச் சாப்பிட்ட மறுநாள் மன்னா நின்றுபோகிறது. இனி வயல், அறுவடை, களஞ்சியம். நம்பிக்கைப் பாடம் முடிந்தது என்று நினைக்கத் தோன்றும். ஆனா யோர்தானுக்கு இந்தப் பக்கம் இருக்கும்போதே, உபாகமம் 8-இல் மோசே எச்சரித்தது அந்தக் காலத்தைப் பற்றித்தான். சாப்பிட்டுத் திருப்தியாகி, நல்ல வீடு கட்டிக் குடியிருக்கும்போது, எல்லாம் என் கை சம்பாதித்தது என்ற நினைப்பு வரும் என்கிறார்.

வனாந்தரத்தில் வெறும் பாத்திரம் தினமும் ஞாபகப்படுத்தியது. மாசக் கடைசியில் தவறாமல் சம்பளம் வரும் வாழ்க்கையில் ஞாபகப்படுத்த அப்படி எதுவும் இல்லை. வேலை நிலைமை ஆட்டம் காணும்போது புதுசாக ஒரு நிச்சயமின்மை வந்துவிட்டதாகத் தோன்றுகிறது. அது முன்பும் இருந்தது. சம்பளத் தேதி அதை மறைத்து வைத்திருந்தது, அவ்வளவுதான்.